துரைக்கு வெறும் புல்லு

மூக்கச் சுளிக்காத கண்ணு. அது குதிரை வாசம். சீலையில ஒட்டிருச்சுன்னா ரெண்டு தடவை அலசுனாலும் போகாது. ஜன்னல நல்லாத் தொறந்து உட்டுக்கோ. நீயும் பழனிக்குத்தான டிக்கெட்டு எடுத்த? நானும் பழனிதான். அடிவாரத்துக்கு ரெண்டு தெரு பின்னால எங்க ஊடு.

இந்தப் பையிலயா? கொள்ளு. வேகவெச்சு, வெல்லம் போட்டு இடிச்சு உருண்டை புடிச்சது. குதிரைக்குன்னு பண்ணுனது, ஆனா மனுசரும் திங்கலாம், ஒண்ணும் ஆகாது. இந்தா, ஒண்ணு எடுத்துக்கோ. அட, கூச்சப்படாத. இப்ப வேண்டாம்னா பொறவு தின்னுக்கோ. இப்படி வத்தலாட்டம் இருக்கறயே, உங்கம்மா ஒண்ணும் கேக்கறதில்லையா?

சரி, வேண்டாம்னா உடு. இன்னைக்கு எல்லாருமே வேண்டாம்னு சொல்ற நாளாட்டம் இருக்குது. காலையில எந்திரிச்சு அடுப்ப மூட்டி, பொறுமையா புடிச்சுக் கொண்டு போனது கண்ணு இது. ஒண்ணு கொறையாம அப்படியே திரும்பி வருது. துரையக் கூட்டிட்டு வர்றதுக்குன்னுதான் போனேன். வண்டியெல்லாம் பேசி வெச்சிருந்தேன்.

துரை ஆருன்னு கேக்கறயா? குதிரை பேருதான் துரை. வெள்ளைவெளேர்னு இருப்பான். மாப்பிள்ளை அழைப்புக்குப் போற குதிரை. பழனியில எந்த மண்டபத்துல வேணும்னாலும் கேட்டுப் பாரு, தெரியாதுன்னு சொன்னாங்கன்னா நான் பேர மாத்திக்கறேன். எங்கூட்டுக்காரரு முன்னால அடிவாரத்துல குதிரைவண்டி ஓட்டிட்டிருந்தாரு. ஆட்டோக்காரங்க வந்து அந்தப் பொழப்பு படுத்துருச்சு. அப்பறந்தான் துரைய வாங்குனாரு. அவரு போன பொறவு நாந்தான் பாத்துக்கறேன். சக்கரை வியாதி கண்ணு அவருக்கு. கால எடுக்கணும்னாங்க, எடுக்கறதுக்குள்ள போயிட்டாரு. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த மனுசன ஒரு நாளும் நான் வாயக் கட்டி உக்கார வெச்சதில்ல. ஆசைப்பட்டுக் கேட்டா அதிரசங்கூடச் சுட்டுக் குடுத்தேன். டாக்டருக்கென்ன, அவங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போவாங்க. கட்டுனவளுக்குல்ல தெரியும் அந்த மொகம் வாடுனா எப்படி இருக்கும்னு. அந்த ஒரு திருப்தி எனக்கு இருக்குது.

அதே மாதிரித்தான் துரையயும் பாத்துக்கிட்டேன். காலையில ஒரு போசி ஊறவெச்ச கொள்ளு. மத்தியானம் அரிசியும் தவுடும். பொழுது எறங்கறப்ப இன்னொரு போசி கொள்ளு, வெல்லம் போட்டு. காஞ்ச சோளத்தட்டும் போடுவேன், போடாம இல்ல. ஆனா தட்டு என்ன பெரிய சாப்பாடா? ஊட்டுக்கு வந்தவங்களுக்கு வெறும் எலையப் போட்ட மாதிரி. அதுக்கு மேல கல்யாண ஊட்டுல வேற கெடைக்கும். மாப்பிள்ளை வந்து எறங்குன ஒடனே பொண்ணு ஊட்டுக்காரங்க ஒரு தாம்பாளத்துல பச்சரிசியும் வெல்லமும் பழமும் வெச்சுக் குதிரைக்கு ஊட்டுவாங்க. அது ஒரு சாங்கியம். குதிரை நல்லாத் தின்னா வந்த சம்பந்தம் நெறைஞ்சு நிக்கும்னு சொல்லுவாங்க. துரை ஒரு அரிசி மிச்சம் வெக்க மாட்டான். எனக்கு அப்படியே நெஞ்சு பூரிச்சுப் போயிரும்.

நான் முன்னால நின்னு பாக்கறதில்ல, தூரத்துல இருந்து எட்டிப் பாக்கறதோட சரி. கவுறு புடிச்சுக் கூட்டிட்டுப் போக மயில்சாமின்னு ஒரு ஆளு இருந்தான். நான் மண்டபத்துக்குப் பின்னால சமையக்கட்டுப் பக்கம் போயிருவேன். நல்ல காரியம் நடக்கற எடத்துல தாலி அறுத்தவ முன்னால எதுக்கு? ஆரும் போகச் சொல்லல, நானாத்தான் போயிருவேன். அங்க சமையக்காரரு மிச்சமான லட்டு, கேசரி, பொங்கலு எல்லாம் பையில போட்டுக் குடுப்பாரு. அதையும் கொண்டாந்து துரைக்குத்தான் வெப்பேன். தின்னு முடிச்சுட்டு என் முந்தானைய மோந்து மோந்து இன்னும் இருக்குதான்னு தேடுவான். திருடன்.

அப்படி வளத்தவந்தான் கண்ணு, ஆவணியில மொதல் முகூர்த்தத்தன்னைக்கு என் மானத்த வாங்கிட்டான்.

ஆடி மாசம் கல்யாணம் கெடையாதல்ல? மாசம் முழுக்க அவன் கட்டுத்தறியிலயேதான் நின்னான். சரி, வருசமெல்லாம் ஒழைச்சவன், இப்பவாச்சும் நல்லாத் தின்னு தெம்பா இருக்கட்டும்னு கொள்ள ஒரு படி எச்சாவே போட்டேன். வேலையில்லாதப்பத்தான திங்க நேரமிருக்கும்? அப்பவே கொஞ்சம் கொஞ்சமா குணம் மாறிட்டு வந்துச்சு. கட்டுத்தறி மரத்தக் கடிச்சுக் கடிச்சுப் பாதியாக்கிட்டான். தலைய இப்படியும் அப்படியும் ஆட்டிட்டே நிப்பான், பேய் புடிச்சவனாட்டம். பக்கத்துல போனா காத மடக்கிட்டுப் பல்லக் காட்டறான். என்னைய! சோறு போடற என்னைய!

அன்னைக்கு மாப்பிள்ளை ஏறி உக்காந்தாச்சு, மேளம் கொட்டியாச்சு, ஒறம்பரை சனமெல்லாம் பின்னால நிக்கறாங்க. இவன் ஒரு எட்டு வெக்க மாட்டேங்கறான். முன்னங்கால நீட்டிக்கிட்டு, பின்னால சாஞ்சுக்கிட்டு, திண்டு போட்டு ஒக்காந்த மிராசுதாராட்டம் நிக்கறான். மயில்சாமி கவுத்த இழுத்தான். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருத்தரு, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு முறுக்கிக்கிட்டு நின்னாரு, அவரு வந்து பொடனியில ஒண்ணு தட்டுனாரு. துரை திரும்பி அவரு தோளப் புடிச்சான் பாரு! சட்டையோட சதையும் சேத்து. ஐயோ சாமி, அந்தக் கூச்சல நீ கேட்டிருக்கணும். மாப்பிள்ளை எறங்கி மண்டபத்துக்கு நடந்தே போனாரு. நான் சமையக்கட்டுல பாத்தரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

எல்லாரும் என்ன சொன்னாங்க? கண்ணு பட்டுருச்சுன்னாங்க. செய்வினைன்னாங்க. எசமான் செத்த துக்கம் இப்பத்தான் தெரியுதுன்னு ஒருத்தி சொன்னா. நான் மொளகா சுத்திப் போட்டேன், கறுப்புக் கயிறு கட்டுனேன், மலைக்கு வேண்டிக்கிட்டேன். அவன் கோவத்த ஆத்தணுமேன்னு நெய்யி ஊத்திப் பொங்கலு வெச்சுக் கொண்டு போனேன். அதையும் தின்னுட்டு என் கையக் கடிச்சான். இந்தா பாரு தழும்பு. தின்ன வாயாலயே கடிச்சான் கண்ணு, அதத்தான் என்னால தாங்க முடியல.

அப்பறந்தான் மாட்டாஸ்பத்திரியில இருந்து டாக்டரம்மா வந்துச்சு. சின்னப் பொண்ணு, உன்னையவிட ரெண்டு மூணு வயசு மூப்பு இருக்கும். துரையத் தொட்டுக்கூடப் பாக்கல, சித்தநேரம் தள்ளி நின்னு பாத்துச்சு. பொறவு குளம்புல கைய வெச்சுட்டு, "நீங்களும் வெச்சுப் பாருங்கம்மா"ன்னுச்சு. வெச்சேன். சோத்துப்பானைய எறக்கி வெச்ச எடமாட்டம் சுடுது.

"இவனுக்குக் கோவமும் இல்ல, செய்வினையும் இல்லம்மா. கால் எரியுது. முன்னங்கால் பொறுக்க முடியாமத்தான் பின்னால சாஞ்சு நிக்கறான். அந்த வலியில ஆரு கிட்ட வந்தாலும் கடிக்கத்தான் செய்வான்"னு சொல்லுச்சு. அப்பறம் என்ன போடறீங்கன்னு கேட்டுச்சு. நான் பெருமையாத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு மொகம் போன போக்கப் பாக்கணுமே.

குதிரைக்கு ஆளுதான் பெருசாம், வயிறு சின்னதாம். மாடு மாதிரி தின்னு வெச்சுக்கிட்டு அசை போடாதாம். பொழுதுக்கும் துளித்துளியா புல்ல மேஞ்சுக்கிட்டே இருக்கணும், அப்படிப் படைச்சிருக்குதாம். வயித்துல புளிப்புத்தண்ணி எந்நேரமும் ஊறிக்கிட்டே இருக்குமாம், தின்னாலும் தின்னாட்டியும். உள்ள புல்லு இல்லாதப்ப அந்தத் தண்ணி வயித்தையே அரிக்கும். அந்த எரிச்சல்லதான் மரத்தக் கடிச்சிருக்கறான். கொள்ளும் அரிசியும் லட்டும் அளவு மீறிப் போனா வயித்துல செரிக்காம கொடலுக்குப் போயி மாவாட்டம் புளிக்குமாம். அந்த வெசம் ரத்தத்துல ஏறி, குளம்புக்குள்ள போயி அழலுமாம். எனக்கென்ன தெரியும் கண்ணு, வயித்துல போட்டது காலுக்குப் போகும்னு?

"அப்படி ஒத்துக்கலைன்னா வாந்தி எடுத்துற வேண்டியதுதான"ன்னு கேட்டேன். "குதிரைக்கு வாந்தி எடுக்க வராதும்மா, போட்டதெல்லாம் உள்ளதான் போகணும்"னுச்சு.

என்ற பேரனுக்கு அந்தக் கொறையில்ல. அவன் நல்லா எடுப்பான். மருமக இருக்கறாளே, சுகன்யா, புள்ளைக்கு நான் நெய்ச்சோறு ஊட்டுனா கடியாரத்தப் பாப்பா. "அத்தை, அவனுக்குப் பசிச்சா அவனே கேப்பான்"னுவா. கொழந்தை வாயத் தொறந்து கேக்கற வரைக்கும் உட்டு வெக்கறதுக்கு நான் என்ன ஓட்டல் கடையா வெச்சிருக்கறேன்? ஒரு நாள் நாலு வா எச்சா ஊட்டிட்டேன், புள்ளை வாந்தி எடுத்துட்டான், அதுக்கு அவ ஒரு அழுகை, ஒரு மொறைப்பு. அடுத்த மாசமே திருப்பூருக்குப் போயிட்டாங்க. என்ற பையன் தண்டபாணிக்கு அங்க பனியன் கம்பெனியில வேலை, அதனால போனாங்க. வேற ஒண்ணுமில்ல.

நானும் போவேன் திருப்பூருக்கு. முறுக்கு, எள்ளுருண்டை, பருப்புப்பொடி, எண்ணெய்னு ரெண்டு கையிலயும் தூக்க முடியாமத் தூக்கிட்டுப் போவேன். போன தைப்பூசத்தப்ப தண்டபாணி போன்ல சொல்றான், "அம்மா, நீ ஒண்ணும் தூக்கிட்டு வராத. சும்மா கைய வீசிட்டு வா, வந்து எங்களோட நாலு நாளு இரு"ன்னு. பாத்தியா பேச்ச? பெத்தவளப் பாத்துச் சொல்ற வார்த்தையா இது? கைய வீசிட்டுப் போயி மகன் ஊட்டு வாசல்ல நிக்கறதுக்கு நான் என்ன நாதியத்தவளா? அதோட நான் போகல. அவன் வாராவாரம் கூப்புடறான். குதிரைய ஆரு பாக்கறதுன்னு சொல்லி வெச்சிருவேன்.

அந்தக் குதிரைக்குத்தான் டாக்டரம்மா வெறும் புல்லப் போடச் சொல்லிட்டுப் போயிட்டா. கொள்ளு ஒரு மணி கூடக் காட்டக்கூடாதாம். வந்ததுக்கு ஒரு வா காப்பி குடின்னேன், அதுவும் வேண்டாம்னுட்டா. என் ஊட்டுல தண்ணி குடிக்காதவ பேச்ச நான் எதுக்குக் கேக்கோணும்? ரெண்டு நாளு வெறும் சோளத்தட்டப் போட்டேன். அவன் என்னையப் பாத்து ஒரு கனை கனைச்சான். தாங்குமா? ஒரே ஒரு போசி வெச்சேன். அடுத்த நாளு இன்னொண்ணு.

படுத்துட்டான் கண்ணு. எந்திரிக்கல. குதிரை படுத்து எந்திரிக்காம நீ பாத்ததில்லையே, பாக்காத. அந்தப் பொண்ணு வந்து ஊசி போட்டு ஐஸ் தண்ணியில கால வெச்சு, ஒரு வழியா எழுப்பி நிறுத்துச்சு. அப்பறம் என் ரெண்டு கையயும் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு: "அம்மா, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா உள்ள இருக்கற எலும்பு குளம்பக் கிழிச்சுட்டு வந்துரும். அப்பறம் நான் கொல்றதுக்குத்தான் ஊசி போடணும்."

அதுதான் உடுமலைக்குப் பக்கத்துல நசீர் பாய் தோட்டத்துக்கு அவனத் தாட்டி உட்டேன். பாயி ரெண்டு பொட்டைக் குதிரை வெச்சிருக்கறாரு. தென்னந்தோப்பு, அதுக்கு அந்தப் பக்கம் கொழுக்கட்டைப் புல்லு மொளைச்ச மேய்ச்சக்காடு. கால் கொணமாகி, புல்லுக்கு வயிறு பழகற வரைக்கும் நீ இந்தப் பக்கமே வராத தாயின்னுட்டாரு. என் சத்தம் கேட்டா கொள்ளு வருதுன்னு பரபரன்னு ஆயிருவானாம்.

சரின்னு ஊட்டுல உக்காந்திருந்தேன். அவன் நின்ன கட்டுத்தறியக் கூட்டுவேன், கூட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. கொள்ள ஊறப்போட்டுட்டு, அட, ஆருக்குன்னு நெனைச்சுக் கொட்டிருவேன். ஒருத்திக்குச் சமைக்கறது இருக்குதே, அந்த மாதிரி அக்கப்போரு வேற இல்ல. அரைப்படி அரிசிக்குக் கீழ அளந்தா என் கைக்கு வராது. வடிச்சு வெச்சுட்டுப் பாத்துட்டே உக்காந்திருப்பேன். தெருவுல போறவங்களக் கூப்புட்டா, ஆச்சுங்க ஆத்தா, ஆச்சுங்க ஆத்தான்னு ஓடறாங்க.

பாய் போன்ல சொல்லுவாரு, துரை இப்ப நல்லாப் படுத்துத் தூங்கறான்னு. குதிரை தனியா இருந்தா நெம்பப் பயந்துக்குமாம். ஒண்ணு நின்னு காவல் பாத்தாத்தான் இன்னொண்ணு காலு நீட்டிப் படுக்குமாம். எங்கூட்டுல அவன் எப்பவும் நின்னுட்டேதான் தூங்குவான். பாரு, காவக்காரனாட்டம் எனக்குக் காவலு நிக்கறான்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருந்தேன். எனக்குந்தான் தூக்கம் வர்றதில்ல. அது வேற, வயசானா அப்படித்தான்.

இன்னைக்குத்தான் வரச் சொன்னாரு. டாக்டரம்மாவும் போன்ல பேசுச்சு. "கூட்டிட்டுப் போலாம்மா, ஆனா புல்லும் தட்டும் மட்டும்தான். உங்களால முடிஞ்சா கூட்டிட்டுப் போங்க, முடியாதுன்னா பாய்கிட்டயே உட்டுருங்க, அவரு வெச்சுக்கறேங்கறாரு. நீங்கதான் முடிவு பண்ணணும்." முடியும்னுட்டேன். முருகன் மேல சத்தியம் பண்ணுனேன். பண்ணிட்டு இந்த உருண்டையப் புடிச்சேன். அது, கடைசியா ஒரு தடவைன்னு நெனைச்சுட்டேன்.

பாய் கேட்டுலயே பைய வாங்கி ஆணியில மாட்டிட்டாரு. "வெறுங்கையோட உள்ள போ தாயி"ன்னாரு.

போனேன். தூரத்துல மேயறான். ஐயோ, என்ன நடை கண்ணு! நாலு காலயும் நல்லா ஊனி ஊனி நடக்கறான். ஒடம்பு வத்தித்தான் இருந்துச்சு, ஆனா தோலு பளபளன்னு மின்னுது. "துரே!"ன்னு கூப்புட்டேன். தலையத் தூக்கி என்னையப் பாத்தான். நல்லாப் பாத்தான். பாத்துட்டு மறுபடி குனிஞ்சு மேயறான்.

எனக்கு அழுகை வந்துருச்சு. சொல்றதுக்கென்ன, அங்கயே வாழைக்கட்டைய வெட்டிப் போட்டாப்புல உக்காந்துட்டேன். இத்தன வருசம் வாயில வெச்சு வளத்ததுக்கு இதுதானான்னு இருந்துச்சு. அவனச் சொல்லிக் குத்தமில்ல. நான் கையில ஒண்ணுமில்லாம போயி நின்னா அவனுக்கு எப்படி என்னைய அடையாளம் தெரியும்? நான் அப்படி ஆரு முன்னாலயும் நின்னதே இல்லையே. பொறந்ததுல இருந்து ஒரு எடத்துக்கும் நான் வெறுங்கையோட போனவ இல்ல கண்ணு. போனா ஆரு என்னைய உள்ள கூப்புடுவாங்க?

கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கிட்ட மூச்சு உடற சத்தம். வந்துட்டான். நான் கூப்புடல. அவனா வந்தான்.

இந்தக் கைய மோந்தான், அந்தக் கைய மோந்தான். முந்தானைய மூக்கால பொரட்டுனான். "ஒண்ணுமில்லடா, பாய் புடுங்கிட்டாரு, போ"ன்னேன். போகல. என் தோள்ல தாடைய வெச்சுக்கிட்டான். அந்தக் கனம் இருக்குதே, அப்பப்பா! "போடா, அங்க புல்லு இருக்குது போ"ன்னு தள்ளுனேன். அந்த ரெண்டு குதிரையும் மேஞ்சு மேஞ்சு காட்டோட அந்தக் கடைசிக்கே போயிருச்சு. இவன் போகல. புல்லயும் திங்கல. கண்ண மூடிட்டு நின்னான்.

எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. நெதமும் இப்படி வந்து மோந்து பாப்பான், நெதமும் நான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லணும். வெறும் புல்ல அள்ளிப் போட்டுட்டு அவன் மொகத்த நான் எப்படிப் பாக்கறது? ரெண்டு நாளு பொறுப்பான், அப்பறம் என்னைய வெறுத்துற மாட்டானா? எந்திரிச்சு வந்து பாய்கிட்டச் சொல்லிட்டேன், நீங்களே வெச்சுக்கங்கன்னு. பாய் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. "நல்லா யோசிச்சியா தாயி? அவன் உன்னைய உட்டு நகரவே இல்லையே"ன்னாரு. யோசிச்சாச்சு பாய்னுட்டேன். வண்டிக்காரனுக்கும் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லியாச்சு. பைய மட்டும் எடுத்துட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.

அட, பஸ் ஸ்டாண்டே வந்துருச்சாட்டம் இருக்குது. எறங்கு எறங்கு, பைய மறந்துராத. சித்த நில்லு, போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ, நீ படிச்ச புள்ளை. நான் தோப்பத் தாண்டி ரோட்டுக்கு வந்து திரும்பிப் பாத்தேன். அவன் வேலியோரம் வந்து அப்படியே நின்னுட்டு என்னையவே பாத்துட்டிருந்தான். என் கையில ஒண்ணுமில்லைன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், மோந்து பாத்துட்டான். பின்ன என்னத்துக்குக் கண்ணு நின்னான்?